உடன் வருபவர் பெயர்

"எடுக்க மாட்டேன். எடுக்கவே மாட்டேன். வேணும்னா என்னையத் தூக்கி வெளிய போடுங்க!"

"மெல்லப் பேசு அருணா. ரோட்டுல போறவனெல்லாம் நின்னு கேட்டுட்டுப் போறான்."

"கேக்கட்டும்! ஒண்டியா வந்த பொம்பளைய வண்டியில பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு மூணு நாளு அருவி அருவியாச் சுத்துனீங்களே, அது மட்டும் ரோட்டுக்குத் தெரியாதாக்கும்?"

ரோட்டுக்கு நன்றாகவே தெரியும். செம்மேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருக்கிற ராஜதுரை வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூட ரோட்டுக்குத் தெரியும். பறவை ஆராய்ச்சிக்காரி ஒருத்தி தொப்பியும் தொலைநோக்கியுமாக வந்து மூன்று நாள் தங்கிப் போனாள். அவள் போன பிறகு ரோடு அதை மூன்று வாரம் பேசியது. ராஜதுரை பாவம், வழி காட்டத்தான் போனான் என்று சிலர். வழி காட்டுகிறவன் புதுச் சட்டை எதற்குப் போட்டான் என்று சிலர். ராஜதுரையின் மனைவி அருணா இரண்டாவது கட்சி.

வீட்டை ஒட்டி வரிசையாக மூன்று அறைகள். மலை பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுவதுதான் பிழைப்பு. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு மேலே வந்த அருணா கம்ப்யூட்டர் படித்தவள். வந்த ஆறாம் மாதமே அறை பதிவு செய்ய ஒரு வலைப்பக்கத்தைத் தன் கையாலேயே எழுதிவிட்டாள். விருந்தினர் பெயர், செல்பேசி எண், வரும் தேதி, எத்தனை நாள் என்று நான்கு கட்டங்கள். நான்கும் கட்டாயம். எத்தனை நாள் இருப்பேன் என்று சொல்லாதவனுக்கு அறை கிடையாது என்பதில் அவள் ரொம்பக் கறார்.

பறவைக்காரி போன மறுநாள் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்தது. 'உடன் வருபவர் பெயர்.' பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்துக்கு உயிர் கொடுப்பது ஒரே ஒரு சொல். பக்கத்துக்குப் பின்னால், வருகிறவர்கள் பார்க்காத எழுத்துகளில், அந்தக் கட்டத்துக்கான வரியில் 'ரிக்கொயர்டு' என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது. காலியாக விட்டுப் பொத்தானை அமுக்கினால், 'இந்தக் கட்டத்தை நிரப்பவும்' என்று சொல்லிவிட்டுப் படிவம் நின்ற இடத்திலேயே நின்றுகொள்ளும். அந்தச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்திலேயே 'இல்லை' என்று எழுதி வைத்தாலும் காதில் வாங்காது. அது அங்கே இருக்கிறதா, அவ்வளவு போதும். முழுசாக எடுத்து எறிகிறவரை கட்டம் கட்டாயம்தான்.

எடுத்து எறியச் சொல்லித்தான் சண்டை.

"பத்து நாள்ல நாலு பேரு போன் பண்ணிட்டான்," என்றான் ராஜதுரை. "ஃபாரம் போவ மாட்டீங்குது, செவப்புல என்னமோ வருதுங்கறான். ஒண்டியா வர்றவன் என்ன, ஒரு பொண்ணப் பாத்துக் கல்யாணம் முடிச்சுட்டா ரூம் போடணும்?"

"முடிச்சுட்டு வரட்டும். ஊரு ஒழுக்கமா இருக்கும்."

"சுகந்தி இருந்தப்ப ஒரே ஒரு நோட்டுத்தான். பேரு, ஊரு, கையெழுத்து. இத்தன வம்பு கெடையாது."

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பிரயோசனம்?

சுகந்தி அவனுடைய முதல் மனைவி. மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் பெயர் அந்த வீட்டுக்குள் புழங்குவதில்லை என்பது அருணா வந்த நாளிலிருந்து சட்டம். சேலைகளை அநாதை இல்லத்துக்குக் கொடுத்தாள். போட்டோவைப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, இடது வார் அறுந்து ஊக்குக் குத்தியது, கொல்லைப்புறம் கிடந்தது. அதை மட்டும் தானே கையில் எடுத்துப் போய்ப் பள்ளத்தில் வீசினாள். அப்படியும் பஸ் கண்டக்டர் அந்த இடம் வந்தால் "சுகந்தி ஊடு எறங்கு!" என்றுதான் கத்துவார். இறங்குகிறவள் அருணாவாக இருந்தாலும்.

மேஜை மேல் இருந்த செல்பேசி அடித்தது. அருணா கோபத்தோடே எடுத்தாள்.

"ஏனுங்க, மாதேஸ்வரன் பேசறனுங்க. நாமக்கல்லுல விதைக் கம்பெனியில இருக்கறனுங்க. ரூம் போடலாம்னு பாத்தா, கூட வர்றவங்க பேரக் கேக்குதுங்க. நான் ஒண்டியாளுங்க. என்ன பண்றதுங்க?"

ஒரு புள்ளி வையுங்கள், போய்விடும் என்று சொன்னால் முடிந்தது. புள்ளியை வைத்தாலும் படிவம் ஏற்கும். எழுதியவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்த நேரம் அவள் கண் புருஷன் முகத்தில் இருந்தது. அவன் இன்னும் அந்த நோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று பட்டது.

"சுகந்தின்னு போடுங்க," என்றாள்.

"யாருங்க அது?"

"போடுங்கன்னா போடுங்க. அவங்களும் கூட வரட்டும்."

ராஜதுரையின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து அருணாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மனசு அதோடு விடுமா? அன்றைக்கே அந்தக் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில், வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற மாதிரி எழுத்தாக, 'உதாரணம்: சுகந்தி' என்று சேர்த்தாள். பதிவு வந்தால் இருவர் செல்பேசிக்கும் செய்தி போகும். ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் பெயரைப் படிக்கட்டும். படித்துப் படித்துச் சலிக்கட்டும்.

மாதேஸ்வரன் வியாழக்கிழமை வந்தார். மத்தியானம் வரை நல்ல வெயில். நாலு மணிக்கு, மலையில் எப்போதும் போல, சொல்லாமல் கொள்ளாமல் மூடுபனி இறங்கியது. பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகை அள்ளுவதற்குள் எதிரே இருந்த பலாமரம் காணாமல் போனது. மூன்றாம் நம்பர் அறை, வரிசையில் கடைசி, வெறும் நிழலாக நின்றது.

அறைகளைப் பெருக்கித் துடைக்க வருகிற இருசாயி, காலித் தட்டோடு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மிணி, மூணாம் நம்பருக்கு இன்னொரு காப்பி குடு. ஒண்ணுதான் கொண்டு போனேன். அந்தம்மாவுக்கு வேணுமில்ல."

"எந்தம்மா?"

"கூட வந்திருக்கறவங்க. ஆளப் பாக்கல. வாசல்ல செருப்பு ரெண்டு ஜோடி கெடக்குது."

அருணாவுக்குப் புல்லரித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஒண்டியாள் என்று பல்லைக் காட்டிய ஆசாமி! காப்பியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இப்படியொரு காப்பியை இருசாயியிடம் கொடுத்தனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்?

மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்டது. முதல் அறை. இரண்டாவது அறை. மூன்றாவது அறையின் வாசலில் கறுப்புத் தோல் செருப்பு ஒரு ஜோடி.

அதன் பக்கத்தில், ஒட்டினாற்போல், நீல ரப்பர் செருப்பு.

இடது வாரில் ஊக்கு.

காப்பி அவள் கையில் தளும்பிச் சுட்டது.

கதவு திறந்தது. மாதேஸ்வரன் நின்றார். குளித்துவிட்டு வந்தவர் போல முகமெல்லாம் வியர்வை.

"நானே வரலாம்னு இருந்தனுங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு கேக்கணும். பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு காலிதானுங்க. கீழ இருந்து மேல வரைக்கும் காலி. கண்டக்டரு வந்து 'சுகந்தி ஊடு ரெண்டா?'ன்னு கேட்டு ரெண்டு டிக்கெட்டுக் கிழிச்சாரு. ஒண்ணு போதும்னேன். ஜன்னலப் பாத்துச் சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

"உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க."

யாரும் இல்லைதான். ஒரு கட்டிலில் அவருடைய பை. இன்னொரு கட்டிலில், அருணா காலையில் விரித்து வைத்த போர்வை, நாலாக மடித்து, முனை உள்ளே செருகித் தலைமாட்டில் இருந்தது. அந்த மடிப்பு அவளுடையது இல்லை. இருசாயியுடையதும் இல்லை.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த இருசாயி போர்வையைக் கண்டதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் வேறு எவளாவது இருந்தால் அலறியிருப்பாள். அருணா அலறவில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். பள்ளத்தில் வீசிய செருப்பைப் போய்த் தேடி எடுத்து வந்து வைத்திருக்கிறானே, இந்தப் புருஷன்! எத்தனை ஆசை இருந்தால் இறங்கியிருப்பான்!

"நான் எதுக்கு எடுக்கறேன்? சத்தியமாத் தெரியாதுடி," என்றான், அவள் போட்ட சத்தத்துக்கு ஓடி வந்த ராஜதுரை.

"அப்ப செருப்பு நடந்தா வந்துச்சு?"

அவன் அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த பார்வையாக இருந்திருந்தால் அருணா சமாதானமாகியிருப்பாள். பயமில்லை. பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டதா என்று வளைவைப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

செருப்பை எடுத்துப் போய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். ரப்பர் கருகும் நாற்றம் வீடெல்லாம் சுற்றியது. மறுநாளும் போகவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் ஒண்டியாட்கள் வரிசையாக வந்தார்கள். இப்போது யாரும் போன் பண்ணிக் கேட்பதில்லை. கட்டத்துக்குள் சாம்பல் எழுத்தில் உதாரணம் இருக்கிறதே, அதையே பார்த்து எழுதிவிட்டார்கள். உதாரணத்தை அப்படியே எழுதுவது நம் ஜனங்களின் வழக்கம் என்பதை அருணா மறந்துவிட்டாள். இருவர் செல்பேசியும் ஒரே சமயத்தில் கிணுங்கும். உடன் வருபவர்: சுகந்தி. உடன் வருபவர்: சுகந்தி.

ஒவ்வொரு ஆள் வந்த அன்றும், நாலு மணிக்கு, மூடுபனிக்குச் சற்று முன்பு, கருகிய ரப்பர் நாற்றம் வரும். அப்புறம் செருப்பு.

முதலில் மூன்றாம் நம்பர் வாசலில்தான் கிடந்தது. பிறகு, ஆள் தங்கியது மூன்றில் என்றாலும், இரண்டின் வாசலில்.

பிறகு ஒன்றின் வாசலில்.

ஒன்றாம் நம்பர் அறையின் சுவரை ஒட்டியதுதான் அவர்கள் படுக்கையறை.

அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. பதிவு செய்த ஆள் வருகிற நாளெல்லாம் ராஜதுரை சாயங்காலம் முகம் கழுவித் தலை சீவிக்கொள்ள ஆரம்பித்தான். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முற்றத்தில் போட்டு உட்காருவான். அப்புறம் எழுந்து போய் இன்னொரு நாற்காலி கொண்டு வந்து பக்கத்தில் போடுவான். ஒருநாள் அந்தப் புதுச் சட்டையையும் போட்டுக்கொண்டான்.

"யாருக்கு இந்தச் சிங்காரம்?" என்று கேட்டாள் அருணா.

"குளிருதுன்னு போட்டேன்."

"காலி நாற்காலிக்கும் குளிருதாக்கும்?"

அவன் சிரித்தான். கல்யாணமான இந்த ஒன்றரை வருஷத்தில் அருணா அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. பறவைக்காரிக்குக்கூட அவன் அதைச் சிரித்ததில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியோடு சண்டை போடலாம். கையைப் பிடித்து வெளியே தள்ளலாம். இவளை எங்கே பிடித்துத் தள்ளுவது?

மறுநாள் கிணற்றடியில் இருசாயியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு அவளத் தெரியுமில்ல. எப்படிப்பட்டவ?"

இருசாயி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரு பக்கம் சிரித்தாள். "உன்னாட்டந்தான் அம்மிணி. புருசன் எவகூடயும் ஒரு வார்த்தை பேசிரக் கூடாது. பலாப்பழம் வாங்க வர்ற கெழவிகிட்டக்கூட இவதான் போய் வெல பேசுவா."

"சரி, சரி. வேற?"

"வேற என்ன... பேரெழுதிக் கூப்புட்டாத்தான் எங்கயும் போவா. அது ஒரு பிடிவாதம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகையில 'ராஜதுரை குடும்பத்தார்'னு எழுதிக் குடுத்துட்டாங்க. 'எம் பேரு எங்க?'ன்னா. போவவே இல்ல. மனுசி ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா. அப்பறம் தங்கச்சி அழுதுக்கிட்டு வந்து, வேற பத்திரிகையில 'சுகந்தி'ன்னு எழுதிக் குடுத்தா. மத்தியானச் சோத்துக்குப் போயிட்டா. பேரெழுதிட்டாங்கன்னா எந்த வேல கெடந்தாலும் போயிருவா, அதயும் சொல்லோணும்."

தேய்க்கிற கை நின்றது. இருசாயி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எத்தன தடவ எழுத வெச்சே, கண்ணு?"

அருணா மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று.

அன்று மாலை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. ஆனாலும் மூன்றரைக்கே நாற்றம் வந்துவிட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் ராஜதுரை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. பக்கத்தில் காலி நாற்காலி. பனி அவன் கால் வரைக்கும் வந்திருந்தது.

மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தின் பின்னால் உள்ள வரிகளுக்குப் போய், ஐந்தாவது கட்டத்தைத் தேடிப் பிடித்தாள். 'உதாரணம்: சுகந்தி.' அழித்தாள். 'ரிக்கொயர்டு.' ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சிவப்பு நட்சத்திரத்தை அழித்தாள். சேமித்து, ஏற்றி, பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள்.

கட்டம் சுத்தமாக இருந்தது. நட்சத்திரம் இல்லை. பெயர் இல்லை.

மூச்சு விட்டாள். சோதித்துப் பார்த்துவிட வேண்டும் அல்லவா? விருந்தினர் பெயர் என்ற இடத்தில், கைக்கு வந்தபடி, ராஜதுரை என்று அடித்தாள். அவன் எண். இன்றைய தேதி. ஒரு நாள். ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

பழைய பக்கம் நினைவில் தங்கியிருக்கும். கணினியில் அது நடப்பதுதான். எல்லாவற்றையும் மூடித் திறந்தாள். வரிகளைத் திரும்பப் படித்தாள். அந்தச் சொல் இல்லை. எங்கேயும் இல்லை. அமுக்கினாள்.

இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

புள்ளி வைத்தாள்.

இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

அப்போதும் அவளுக்கு ரோஷம்தான் முன்னால் வந்து நின்றது. ராஜதுரையோடு வருகிறவள் யார்? தாலி யார் கழுத்தில் இருக்கிறது? கட்டத்துக்குள் ஓங்கி ஓங்கி அடித்தாள்: அருணா.

மூன்று எழுத்தும் கறுப்பாக, தெளிவாக, கட்டத்துக்குள் நின்றன. பொத்தானை அமுக்கினாள்.

இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

"நிரப்பியிருக்கேன்," என்றாள் திரையைப் பார்த்து, வாய்விட்டு. "பேரு இருக்குது பாரு. கண்ணு தெரியல?"

மறுபடி அமுக்கினாள்.

இந்தக் கட்டத்தை நிரப்பவும்.

அவள் பெயர் அங்கே இருந்தது. படிவத்துக்கு அது காலியிடம்.

கழுத்துக்குப் பின்னால் ஈரக்காற்று பட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது.

கட்டத்துக்குள் இருந்த 'அருணா' கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனது. அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காலியான கட்டத்தில், அவள் சற்றுமுன் அழித்த சாம்பல் எழுத்து வந்தது. முன்னால் 'உதாரணம்' இல்லை. பெயர் மட்டும்.

சுகந்தி.

சாம்பல் எழுத்து என்றால் யாரும் இன்னும் எழுதவில்லை, வெறும் மாதிரி என்று அர்த்தம். அருணா கண் கொட்டாமல் பார்த்தாள்.

அது மெல்லக் கறுத்தது.

பொத்தான் தானாக ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. மேஜை மேல் அவள் செல்பேசி கிணுங்கியது. வெளியே, பனிக்குள், ராஜதுரையின் செல்பேசியும் கிணுங்கியது.

அவன் எடுத்துப் படிப்பது ஜன்னலில் தெரிந்தது. படித்துவிட்டு எழுந்து நின்றான். பக்கத்து நாற்காலியைப் பார்த்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், "குளிருது. உள்ள வா," என்றான்.

வாசற்படியில் ரப்பர் செருப்பு கழற்றுகிற சத்தம்.

ஒன்று.

இன்னொன்று.

அருணா பின்கதவு வழியாக ஓடிச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அப்படியும் செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைத்தாளே, அதுதான் அருணா. படியில் அவளுடைய செருப்பு இல்லை. அது இருக்கிற இடத்தில் நீலச் செருப்பு இருந்தது. நெருப்பில் போட்டது, ஓரம் உருகியது. ஊக்கு மின்னியது. முனை இரண்டும் வீட்டுக்குள் பார்த்திருந்தன.

வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் நிற்கிற மரத்தடியில், யாரோ பொறுமையாகக் கொண்டு வந்து வைத்த மாதிரி, அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. முனைகள் கீழ்நோக்கி, இறங்குகிற பக்கம் பார்த்திருந்தன.

போட்டுக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

பஸ் வந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்து, பின்னால் வீடு இருந்த பனியைப் பார்த்து, "ஒண்ணுதானுங்களே?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் ஒரு டிக்கெட்டுக் கிழித்தார்.

காளப்பநாயக்கன்பட்டி வீட்டுக்கு வந்த அன்றே அருணா அந்த வலைப்பக்கத்தை அடியோடு அழித்தாள். எழுத்து, கட்டம், பொத்தான் எதுவும் மிச்சமில்லை. வருஷக் கடைசியில் இணைய முகவரிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் விட்டதில் அதுவும் காலாவதியானது. ராஜதுரை அவளைத் தேடிக் கீழே வரவில்லை. விவாகரத்துக்காகக் கோர்ட்டுக்கு மட்டும் இரண்டு தடவை வந்தான், முகம் தெளிவாக, இரண்டு கிலோ கூடி. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நேரமாச்சு, ஊட்டுல பாத்துட்டிருப்பாங்க," என்று கிளம்பினான். வீட்டில் யார் என்று வக்கீல் கேட்கவில்லை.

இருசாயி அந்த வேலையை விட்டுப் புளியஞ்சோலையில் மகள் வீட்டோடு போய்விட்டாள். மூன்று அறைகளும் பூட்டிக் கிடக்கின்றன. ராஜதுரை வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆனால் வாரச் சந்தையில் தவறாமல் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிப் போகிறான் என்று செம்மேட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லாமல் இருப்பார்களா?

அருணா ராசிபுரத்தில் வலைப்பக்கம் செய்து கொடுக்கிற கடையொன்றில் சேர்ந்தாள். கெட்டிக்காரி என்று பெயர். ஒரே ஒரு புகார்தான்: எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் கட்டாயம் ஆக்க மாட்டேன் என்கிறாள். காலியா விட்டா விட்டுட்டுப் போகட்டும் என்கிறாளாம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தானே சேர்த்துக்கொள்கிறார்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குழந்தைசாமி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பெண் பார்க்க வந்த அன்று, "இதுக்கு முன்னாடி உங்களுக்கு யாராச்சும்..." என்று அவள் கேட்க, "இல்லீங்க, எனக்கு இதுதான் மொதல் தடவ," என்றார் அந்த அப்பாவி. அவர் வீட்டுச் சுவரில் யார் போட்டோவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தாள்.

தாலி கட்டி முடித்து, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் செல்பேசி கிணுங்கியது. வாழ்த்தாக இருக்கும் என்று எடுத்தாள். அழிந்துபோன பக்கத்தின் பதிவுச் செய்தி, அவள் வடிவமைத்த அதே வரிசையில்.

விருந்தினர் பெயர்: ராஜதுரை.

வரும் தேதி: இன்று.

உடன் வருபவர் பெயர்: சுகந்தி.

எத்தனை நாள் என்ற கட்டத்தையும் ஒரு காலத்தில் அவள் கட்டாயமாக்கித்தான் வைத்திருந்தாள். நிரப்பாமல் யாராலும் அதைத் தாண்ட முடிந்ததில்லை.

அது காலியாக வந்திருந்தது.